வில்பர்ட் ராபின்சன்: பிட்சர்களைக் கையால் அறிந்த கேட்சர்

பேஸ்பால் வரலாற்றில் வில்பர்ட் ராபின்சனின் பெயர் வரும்போதெல்லாம் முதலில் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரு பழத்தின் கதைதான். 1915 மார்ச் மாதம், புளோரிடாவின் டேடோனா கடற்கரையில் புரூக்ளின் அணி பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாமில் இருந்தது. ரூத் லா என்ற பெண் விமானி தம் விமானத்திலிருந்து ஒரு பேஸ்பாலைக் கீழே போடுவார் என்றும், அதைத் தரையில் நிற்பவர் கையுறையால் பிடிக்க வேண்டும் என்றும் ஏற்பாடு. 1908இல் வாஷிங்டன் அணியின் கேட்சர் (அடிப்பவரின் பின்னாலிருந்து பந்தைப் பிடிப்பவர்) கேபி ஸ்ட்ரீட், 555 அடி உயர வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியிலிருந்து போடப்பட்ட பந்தைப் பிடித்துக் காட்டியிருந்தார். அந்தச் சாதனையை விஞ்ச வேண்டும் என்பது நோக்கம். கீழே நின்று பிடிக்க முன்வந்தவர் அணியின் இளம் வீரர் அல்லர், ஐம்பது வயதைத் தொட்டுவிட்ட, உடல் பருத்த மேலாளர் ராபின்சன். மேலிருந்து வந்ததோ பந்து அல்ல, நம் பம்பளிமாஸின் உறவுப்பழமான கிரேப்ஃப்ரூட். அது கையுறையில் மோதி வெடித்து, சாறும் சதையுமாக அவர் மேல் தெறித்தது. தம் நெஞ்சே பிளந்து குருதி கொட்டுகிறது என்று எண்ணி அவர் அலறியதைக் கண்டு சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு நூறாண்டுகளுக்கு மேலாக ஓயவில்லை. அதனால் அவர் வாழ்வில் நடந்த ஓர் அரிய மாற்றம் பின்னுக்குப் போய்விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழில்முறை கேட்சர் ஒருவர், 'பிட்சிங் பயிற்சியாளர்', அதாவது பந்து வீசும் பிட்சர்களைப் பழக்குபவர், என்ற பதவிக்கு ஒரு பெயர்கூட நிலைபெறாத காலத்தில், அந்த வேலையைச் செய்து காட்டினார். எந்த அனுபவம் அவரை அதற்குத் தகுதியாக்கியது, அந்தத் திறன் எங்கே பலித்தது, எங்கே போதாமல் போனது என்பவையே இந்த ஆய்வின் கேள்விகள். மேலே சொன்ன பழக்கதையும் சிரிப்புக்கு அப்பால் ஒன்றைக் காட்டுகிறது. விமானத்திலிருந்து விழும் பொருளுக்குக் கீழே கையை விரித்து நிற்கத் துணிந்தவர், பந்தைப் பிடிப்பதையே வாழ்வாகக் கொண்டிருந்த ஒரு மனிதர்.

கேட்சரின் கல்வி

ராபின்சன் 1863இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் போல்டன் என்ற சிற்றூரில் பிறந்து, அருகிலுள்ள ஹட்சனில் வளர்ந்தார். தந்தை இறைச்சிக்கடைக்காரர். 1885இல் நியூ இங்கிலாந்து லீகில் ஹேவர்ஹில் அணிக்காக ஆடத் தொடங்கிய அவர், அடுத்த ஆண்டே அமெரிக்கன் அசோசியேஷனின் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணியில் இடம்பெற்றார். கேட்சராகத் தொடங்கி அணிகளை நடத்தும் நிலைக்கு உயர்ந்த கானி மேக்கும் அதே 1886இல்தான் பெரிய லீகுக்குள், அதாவது நாட்டின் உயர்மட்டத் தொழில்முறை ஆட்டத்துக்குள், நுழைந்தார். 27 ஆண்டுகள் கழித்து, லீக் பட்டம் வென்ற இரு அணிகள் மோதும் உலகத் தொடரில் இருவரும் எதிரெதிர் அணிகளில் இருந்தார்கள்.

கிரிக்கெட் பழகிய வாசகர் கேட்சரை விக்கெட் கீப்பராக எண்ணிக்கொள்வது இயல்பு. ஒரு பாதி அளவுக்கு அது சரியும்கூட. ஆனால் விக்கெட் கீப்பருக்கு ஒரு பந்துவீச்சாளரின் எல்லாப் பந்துகளும் வந்து சேருவதில்லை. பலவற்றை மட்டை எடுத்துக்கொள்ளும், தடுத்து நிறுத்தும். பேஸ்பாலில் மட்டை படாத ஒவ்வொரு பந்தும் கேட்சரின் கையில்தான் முடிகிறது. அடுத்த பந்து எதுவென்று சைகை காட்டுபவரும் பெரும்பாலும் அவரே. களத்தில் மற்ற எட்டுப் பேரும் அடிப்பவரைப் பார்த்து நிற்க, அவர் ஒருவர் மட்டும் அடிப்பவரின் பின்னாலிருந்து முழுக் களத்தையும் எதிர்நோக்கி அமர்ந்திருக்கிறார்.

ராபின்சன் ஆடத் தொடங்கியபோது இந்த வேலை உடலை அறுக்கும் வேலையாக இருந்தது. முகக்கவசம் 1870களின் இறுதியில் வந்துவிட்டது. மார்புக்கவசம் 1880களில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. கையை உண்மையில் காக்கும் அளவுக்குத் தடித்த பஞ்சுக் கையுறை அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் வழக்கத்துக்கு வந்தது. ரோஜர் பிரெஸ்னஹன் முழங்கால் கவசத்தை வெளிப்படையாக அணிந்து களமிறங்கியது 1907இல், அதாவது ராபின்சன் பெரிய லீகில் ஆட்டத்தை நிறுத்தி ஐந்தாண்டுகள் ஆன பிறகு. மெல்லிய தோலுக்குள் உள்ளங்கையால் பந்தை வாங்கியவருக்கு, பிட்சரின் கைச்சோர்வு கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். முதல் இன்னிங்ஸில் எரிந்த உள்ளங்கை ஏழாவது இன்னிங்ஸில் எரியவில்லை என்றால் பந்தின் வேகம் தளர்ந்துவிட்டது என்று பொருள். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத இந்த அறிவுதான் பின்னாளில் அவருடைய முதலீடாயிற்று என்பது என் கருத்து.

அவர் ஆடிய காலத்தில் பந்துவீச்சின் விதிகளும் நிலையாக நிற்கவில்லை. அவருடைய முதல் பருவத்தில், பந்து உயரமாக வர வேண்டுமா தாழ்வாக வர வேண்டுமா என்று அடிப்பவர் கேட்டுப் பெறலாம். 1887இல் அந்த உரிமை நீக்கப்பட்டது. பிட்சர் நான்கு பந்துகளைத் தவறாக வீசினால், அடிப்பவர் ஓடிச் சேரவேண்டிய நான்கு தளங்களில் முதலாவதுக்குப் போகலாம் என்ற கணக்கு 1889இல் உறுதியானது. 1893இல் வந்த மாற்றம் எல்லாவற்றையும்விடப் பெரிது. பிட்சர் நிற்கும் இடம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, இன்றும் மாறாதிருக்கும் 60 அடி 6 அங்குலம் என்ற தூரம் நிலைபெற்றது. பழைய தூரத்தில் பழகிய கைகள் பல அந்த ஐந்தடி வேறுபாட்டைத் தாங்காமல் ஓய்ந்தன. அடிப்பவர்களின் சராசரிகள் (ஒரு முயற்சிக்கு எத்தனை வெற்றியடி என்ற கணக்கு) விண்ணைத் தொட்டன, 1894இல் ராபின்சனே .353 அடித்தார் என்பதிலிருந்து அந்தக் காலத்தின் நிலையை உணரலாம். ஒரு பிட்சர் எதனால் கெடுகிறார், எதைத் திருத்தினால் மீள்கிறார் என்பதை மிக அருகிலிருந்து பார்க்க அதைவிட நல்ல பள்ளி அமைந்திருக்க முடியாது.

அந்தப் பள்ளியில் அவர் படித்த இடம் பால்டிமோர். 1890இல் அங்கு சென்ற அவர், நெட் ஹான்லன் மேலாளராக இருந்த ஓரியல்ஸ் அணியின் கேட்சராகவும் தலைவராகவும் விளங்கினார். ஜான் மெக்ரா, ஹியூயி ஜென்னிங்ஸ், வில்லி கீலர், ஜோ கெல்லி ஆகியோர் அடங்கிய அந்த அணி 1894, 1895, 1896 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நேஷனல் லீக் பட்டத்தை வென்றது. முரட்டு ஆட்டத்துக்கும் வசவுக்கும் பேர்போன அந்தக் கூட்டத்தில் எல்லோரோடும் இணங்கிப் பழகியவர் ராபின்சன். 1895இல் பில் ஹோஃபர் தம் முதல் பருவத்திலேயே 31 வெற்றி, 6 தோல்வி என்ற கணக்கை எட்டியபோது, அவருடைய பந்துகளை வாங்கிய கேட்சர்களில் ராபின்சனும் ஒருவர்.

அடிப்பவராகவும் அவருக்கு ஒரு மறக்கமுடியாத நாள் உண்டு. 1892 ஜூன் 10 அன்று செயின்ட் லூயிஸ் அணிக்கு எதிராக, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஏழு முறை மட்டை பிடித்து ஏழு முறையும் வெற்றியடி அடித்தார். ஆறு ஒற்றைத் தள அடிகள், ஒன்று இரண்டு தள அடி. அவருடைய அடிகளால் வந்த ரன்கள் 11. பால்டிமோர் 25-4 என்று வென்றது. ஏழுக்கு ஏழு என்ற சாதனையை, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில், 1975 செப்டம்பர் 16 அன்று பிட்ஸ்பர்க்கின் ரென்னி ஸ்டெனட் சமன் செய்தார். பதினொன்று என்ற எண்ணை முறியடித்தவர் செயின்ட் லூயிஸின் ஜிம் பாட்டம்லி. 1924இல், அதே செப்டம்பர் 16ஆம் நாளில், புரூக்ளினில் அவர் 12 ரன்களைக் கொண்டுவந்தபோது, எதிரணி இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் ராபின்சன்தான்.

இறைச்சிக்கடையிலிருந்து அழைப்பு

மெக்ராவும் ராபின்சனும் களத்துக்கு வெளியிலும் கூட்டாளிகள். பால்டிமோரில் 'டயமண்ட் கஃபே' என்ற உணவு விடுதியை இருவரும் சேர்ந்து நடத்தினார்கள். 1899இல் ஓரியல்ஸின் சிறந்த வீரர்கள் புரூக்ளினுக்கு மாற்றப்பட்டபோது, இருவரும் போக மறுத்துப் பால்டிமோரிலேயே நின்றார்கள். 1900இல் ஒரு பருவம் செயின்ட் லூயிஸில் கழித்து, 1901இல் புதிதாகத் தோன்றிய அமெரிக்கன் லீகின் பால்டிமோர் அணிக்குத் திரும்பினார்கள். 1902 ஜூலையில் மெக்ரா அந்த அணியைவிட்டு நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு மேலாளராகப் போனார். அவரைத் தொடர்ந்து முக்கிய வீரர்களும் வெளியேற, ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது பேரைத் திரட்ட முடியாமல் அணி ஆட்டத்தையே விட்டுக்கொடுக்க நேர்ந்தது. எஞ்சிய பருவத்தை நடத்தும் பொறுப்பு ராபின்சனின் தலையில் விழுந்தது. 24 வெற்றி, 57 தோல்வி. அணி கடைசி இடத்தில் முடிந்தது. நண்பர் விட்டுச்சென்ற சுமையை அவர் முறையிடாமல் சுமந்தார் என்பதை இங்கே குறிக்கக் காரணம், பின்னால் வரும் பிரிவைப் புரிந்துகொள்ள அது தேவை.

பெரிய லீகில் 1,371 ஆட்டங்களும் .273 சராசரியும் சேர்த்துவிட்டு, ராபின்சன் இறைச்சி வாணிபத்தில் இறங்கினார். அவரை மீண்டும் ஆட்டத்துக்கு அழைத்தவர் மெக்ராதான்.

அந்நாளில் 'பயிற்சியாளர்' என்ற சொல்லுக்கு இன்றுள்ள பொருள் கிடையாது. முதல் தளத்தருகிலும் மூன்றாம் தளத்தருகிலும் நின்று ஓடுவோருக்கு வழிகாட்டுவது, எதிரணிப் பிட்சரைக் கத்திக் குழப்புவது ஆகியவையே அந்தப் பெயரில் நடந்தன. அதையும் ஆடாமல் இருக்கும் வீரர்களே செய்தார்கள். இதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்த முன்னோடிகளில் மெக்ரா ஒருவர். 1909இல் அவர் அமர்த்திய ஆர்லி லேதம், முழுநேரப் பயிற்சியாளர்களில் முதல்வர் என்று கருதப்படுகிறார். லேதமின் பலம் வாய்வீச்சு, கோமாளித்தனம். ராபின்சனிடம் மெக்ரா எதிர்பார்த்தது வேறு: பிட்சர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் கையில் வந்த மிகக் கடினமான வழக்கு ரூப் மார்க்கார்டு. 1908இல் ஜயன்ட்ஸ் நிர்வாகம் அந்த இடக்கைப் பிட்சரை 11,000 டாலர் கொடுத்து வாங்கியது. ஒரு வீரருக்கு அதுவரை கொடுக்கப்பட்ட தொகைகளில் அதுவே பெரிது. 1909இல் அவர் 5 வெற்றிக்கு 13 தோல்வி கண்டார்; 1910இல் 4-4. 'பதினோராயிரம் டாலர் எலுமிச்சை' என்று பத்திரிகைகள் எள்ளின. அமெரிக்க வழக்கில் எலுமிச்சை என்றால் ஏமாந்து வாங்கிய சொத்தைப் பொருள். விலையின் பாரமும் கேலியின் பாரமும் சேர்ந்து அந்த இளைஞரின் தோளில் உட்கார்ந்திருந்தன. வேகம் அவருக்குப் பிறவியிலேயே இருந்தது. பந்தை வேண்டிய இடத்தில் போடும் கட்டுப்பாடும் நிதானமும்தான் இல்லை. 1911இல் ராபின்சன் அவரைத் தம் பொறுப்பில் எடுத்துப் பொறுமையாக உழைத்தார். அந்தப் பருவத்தின் முடிவில் மார்க்கார்டின் கணக்கு 24-7. அடுத்த ஆண்டு, பருவத்தின் தொடக்கத்திலிருந்தே தொடர்ச்சியாக 19 ஆட்டங்களை வென்று, 26-11 என்று முடித்தார். 1913இல் 23-10. எள்ளிய பத்திரிகைகள் இப்போது எலுமிச்சையை விட்டுவிட்டு வேறு உவமைகளைத் தேடவேண்டியதாயிற்று.

ஒருவருடைய மீட்சியை மட்டும் வைத்து முடிவுகட்டுவது முறையல்ல. மார்க்கார்டு வயதால் முதிர்ந்திருக்கலாம். அணியின் மட்டைபலமும் களத்தடுப்பும் துணை நின்றிருக்கலாம். ஆனால் அதே ராபின்சனின் காலத்தில், 1912இல் புதிதாக வந்த, பந்தில் எச்சில் தடவி வீசும் 'எச்சில் பந்து' வீச்சாளர் ஜெஃப் டெஸ்ரூ, ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.96 ரன் மட்டுமே கொடுத்து லீகிலேயே சிறந்த சராசரியைப் பெற்றார். 1911, 1912, 1913 ஆகிய மூன்று பருவங்களிலும் ஜயன்ட்ஸ் லீக் பட்டம் வென்றது. கிறிஸ்டி மேத்யூசன் என்ற மாபெரும் பிட்சர் முன்பே அங்கே இருந்தார் என்பதும் உண்மை. எனினும் மெக்ராவின் கண்டிப்பு ஒரு பக்கம், ராபின்சனின் ஆறுதல் மறுபக்கம் என்ற இணைப்பு அந்த மூன்றாண்டுகளில் நன்றாக வேலை செய்தது என்று துணிந்து சொல்வேன். மெக்ரா திட்டியதில் நொறுங்கிய பிட்சரை எடுத்து நிறுத்த, 'அங்கிள் ராபி' என்று எல்லோரும் அழைத்த அந்த மாமா தேவைப்பட்டார்.

1913 அக்டோபர்

உலகத் தொடரில் ஜயன்ட்ஸ் மூன்று ஆண்டும் தோற்றது. 1913இல் கானி மேக்கின் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் 4-1 என்று வென்றபின், பழைய ஓரியல்ஸ் நண்பர்கள் கூடிய விருந்து ஒன்றில் வாக்குவாதம் மூண்டது. முதல் தளத்தருகே நின்ற ராபின்சன் சைகையைத் தவறாகக் கொண்டு, காலில் காயம்பட்ட ஓட்டக்காரர் ஒருவரை ஓடவிட்டார் என்று மெக்ரா குற்றம்சாட்டினார். அந்தத் தொடரில் எல்லோரையும்விட அதிகப் பிழை செய்தவர் மெக்ராவே என்று ராபின்சன் திருப்பிச் சொன்னார். அங்கேயே வேலை போயிற்று. ராபின்சன் பீரை மெக்ராவின் மேல் கொட்டிவிட்டு வெளியேறினார் என்று சொல்லப்படுகிறது. இருபதாண்டு நட்பு ஓர் இரவில் அறுந்தது. அதன்பின் பதினேழு ஆண்டுகள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டாவது மனிதராக இருந்தவர் முதல் மனிதராகும் வாய்ப்பு உடனே வந்தது. புரூக்ளின் அணியின் உரிமையாளர்களில் ஒருவரான சார்லஸ் எபெட்ஸ் 1914 பருவத்துக்கு அவரைப் புரூக்ளின் மேலாளராக அமர்த்தினார். அவர்மீதிருந்த பிரியத்தால் அணியின் பெயரே 'ராபின்ஸ்' என்று மாறி, அவர் இருந்த 18 ஆண்டுகளும் அப்படியே வழங்கியது.

புரூக்ளின்: திறன் பலித்த இடம்

ராபின்சனின் பதினெட்டு ஆண்டுகளை வரிசையாகச் சொல்வதில் பயனில்லை. அணி உயர்ந்த மூன்று ஆண்டுகளைப் பார்த்தால் போதும். மூன்றிலும் காரணம் பிட்சர்கள்தான்.

1916இல் ஜெஃப் பெஃபர் 25 ஆட்டங்களை வென்றார். ஜயன்ட்ஸ் கைவிட்ட மார்க்கார்டு, பழைய ஆசிரியரிடமே வந்துசேர்ந்து 13-6 என்ற கணக்கும் 1.58 என்ற சராசரியும் பெற்றார். ஜயன்ட்ஸின் பழைய கேட்சர் சீஃப் மேயர்ஸும் அந்த அணியில் இருந்தார். மெக்ரா வேண்டாமென்று ஒதுக்கியவர்களைக் கொண்டு, 94 வெற்றி, 60 தோல்வி என்ற கணக்கில் புரூக்ளின் பட்டம் வென்றது. அக்டோபர் 3 அன்று பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்தில் எதிரணி ஜயன்ட்ஸ்தான். தம் வீரர்கள் மனம்வைத்து ஆடவில்லை என்ற கோபத்தில் மெக்ரா ஆட்டம் முடியும் முன்பே எழுந்து போய்விட்டார். உலகத் தொடரில் பாஸ்டன் 4-1 என்று வென்றது. அதன் இரண்டாவது ஆட்டத்தில் பேப் ரூத் 14 இன்னிங்ஸ் வீசிப் புரூக்ளினை 2-1 என்று வீழ்த்தினார்.

1920இல் பர்லீ கிரைம்ஸ் 23 வெற்றிகளோடு அணியைத் தூக்கி நிறுத்தினார். அந்த ஆண்டு மே 1 அன்று பாஸ்டனில் நடந்த ஆட்டம் 26 இன்னிங்ஸ் நீண்டு, 1-1 என்று இருட்டில் நின்றுபோனது. புரூக்ளினின் லியன் கடோரும் பாஸ்டனின் ஜோ எஷ்கரும் தொடக்கம் முதல் இறுதிவரை தாங்களே வீசினார்கள். கைகளின் நலன் காப்பவர் என்று பேர்பெற்ற ஒருவர் தம் பிட்சரை 26 இன்னிங்ஸ் வீசவிட்டது இன்றைய கண்ணுக்கு முரணாகப்படும். தொடங்கியவரே முடிக்க வேண்டும் என்பது அக்காலத்துப் பிட்சர்களின் மானப் பிரச்சினை. ராபின்சனும் அந்த எண்ணத்துக்கு வெளியே நின்றவர் அல்லர். இதை அவருடைய குறையாகவே நான் பதிவு செய்கிறேன்.

அதே ஆண்டு உலகத் தொடரில் புரூக்ளினைக் கிளீவ்லாந்து 5-2 என்று வென்றது. ஐந்தாவது ஆட்டத்தில் எல்மர் ஸ்மித், மூன்று தளங்களிலும் ஆள் இருக்கையில் கிரைம்ஸின் பந்தை ஹோம் ரன் அடித்தார். உலகத் தொடரில் அத்தகைய அடி அதுவே முதல். எச்சில் பந்துக்குக் கேட்சர் சைகை காட்டும்போதெல்லாம் இரண்டாம் தளக்காரர் பீட் கில்டஃப், ஈரப்பந்தை நழுவவிடாமல் இருக்கக் கையில் மண்ணை அள்ளிக்கொள்வார் என்றும், அதை எதிரணி கண்டுகொண்டது என்றும் ஒரு செய்தி உண்டு. அது உண்மையானால், சைகை மொழியிலேயே வளர்ந்த ஒரு கேட்சரின் அணி, சைகை கசிந்ததால் அடிவாங்கியது.

மூன்றாவது, என் பார்வையில் மிகச் சிறந்தது, டாஸி வான்ஸின் கதை. 1915இல் பெரிய லீகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கைவலியால் ஆண்டுக்கணக்கில் சிறு லீகுகளில் அலைந்தவர் வான்ஸ். 1922இல் புரூக்ளின் நியூ ஆர்லியன்ஸிடமிருந்து விரும்பி வாங்கியது கேட்சர் ஹேங்க் டிபெரியைத்தான். வான்ஸையும் சேர்த்து எடுத்தால்தான் வியாபாரம் என்று ஆனதால் அவரும் கூடவே வந்தார். அப்போது அவருக்கு வயது 31. பிறர் முடிந்துபோன கை என்று பார்த்ததை ராபின்சன் ஓய்வு தேவைப்படும் கை என்று பார்த்தார். அக்கால வழக்கப்படி நான்காம் நாளில் இறக்காமல், கூடுதலாக ஒரு நாள் ஓய்வு கொடுத்து ஐந்தாம் நாளில் இறக்கினார். பந்தின் போக்கை நன்கு அறிந்த டிபெரியையே அவருக்குக் கேட்சராக வைத்தார். வான்ஸ் 1922 முதல் 1928 வரை ஏழு ஆண்டுகள் இடைவிடாமல் நேஷனல் லீகில் அதிக ஸ்ட்ரைக்அவுட் (அடிப்பவரைப் பந்தை அடிக்கவிடாமலே ஆட்டமிழக்கச் செய்வது) எடுத்தார். 1924இல் 28 வெற்றி, 6 தோல்வி, 262 ஸ்ட்ரைக்அவுட். லீகில் இரண்டாம் இடத்தில் வந்தவரும் புரூக்ளின்காரரான கிரைம்ஸ்தான். அவர் எடுத்தது 135. அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருது வான்ஸுக்குக் கிடைத்தது. புரூக்ளின் 92 ஆட்டங்களை வென்றும், ஒன்றரை ஆட்ட வேறுபாட்டில் ஜயன்ட்ஸிடம் பட்டத்தை இழந்தது.

போதாமல் போன இடம்

1925 ஏப்ரலில் எபெட்ஸ் காலமானார். அவரது அடக்கத்தின்போது குளிரில் நின்ற பங்குதாரர் எட் மெக்கீவரும் அதே மாதத்தில் நோயுற்று இறந்தார். பங்குதாரர்களிடையே இழுபறி இருக்க, ராபின்சனே அணியின் தலைவர் பொறுப்பையும் ஏற்கவேண்டியதாயிற்று. 1925 முதல் 1929 வரை ஐந்து பருவங்களும் அணி ஆறாம் இடத்தில் முடிந்தது. ஒருவரோடு ஒருவராக உட்கார்ந்து ஒரு பிட்சரின் கையையும் மனத்தையும் சீர்செய்யும் திறன், கணக்கேடுகளுக்கும் பங்குச் சண்டைகளுக்கும் உதவவில்லை. களத்திலும் அணியை இறுக்கிப்பிடிக்கும் கண்டிப்பு அவரிடம் இல்லை. 1926 ஆகஸ்ட் 15 அன்று பேப் ஹெர்மன் அடித்த அடியில் புரூக்ளின் ஓட்டக்காரர்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் மூன்றாம் தளத்தில் வந்து நின்று, இருவர் ஆட்டமிழந்தார்கள். பழக்கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் இரண்டாவது சிரிப்புக்கதை இது. ஜயன்ட்ஸில் மெக்ராவின் கண்டிப்பு அவருடைய மென்மைக்கு வேலியாக இருந்தது; புரூக்ளினில் அந்த வேலி இல்லை. பயிற்சியாளராக அவர் நிறைவானவர், மேலாளராகப் பாதி நிறைவானவர் என்பதே என் மதிப்பீடு. எண்களும் அதையே ஒட்டி நிற்கின்றன: மேலாளராக அவருடைய மொத்தக் கணக்கு 1,399 வெற்றி, 1,398 தோல்வி.

1930இன் குளிர்காலக் கூட்டங்களில் மெக்ராவும் ராபின்சனும் மீண்டும் பேசத் தொடங்கினார்கள். 1931 பருவத்தோடு புரூக்ளின் பொறுப்பு முடிந்தது. மேக்ஸ் கேரி மேலாளரானார், 'ராபின்ஸ்' என்ற பெயரும் ராபின்சனோடு போயிற்று. ராபின்சன் அட்லாண்டா கிராக்கர்ஸ் என்ற சிறு லீக் அணியின் தலைவராகத் தெற்கே சென்றார். 1934 பிப்ரவரியில் மெக்ரா இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று அட்லாண்டாவில் ராபின்சனும் இறந்தார். பேஸ்பால் புகழ்மண்டபம் 1945இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. பால்டிமோரின் நியூ கதீட்ரல் கல்லறைத் தோட்டத்தில், ஹான்லனும் கெல்லியும் மெக்ராவும் இருக்கும் அதே மண்ணில் அவரும் இருக்கிறார்.